கொட்டேஷன் வாங்கும் முன்: நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டூடியோவுக்கும் ஸ்டோரேஜ் நெட்வொர்க் தேர்ந்தெடுப்பது எப்படி

ஆஸ்பத்திரியிலோ காலேஜிலோ பழைய சர்வரை மாற்றப் போகிறார்கள் என்று செய்தி கசிந்தால் போதும், மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். ஃபைபர் சானலைத் தவிர எதையும் நம்பக் கூடாது என்பார் ஒருவர். அது செத்து ரொம்ப நாளாச்சு, இனி என்விஎம்இ ஓவர் டிசிபிதான் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஏஐ, ஜிபியூ என்று ஆரம்பித்து ரோக்கியில் கொண்டுபோய் நிறுத்துவார். மூன்றுமே சர்வர்களை டிஸ்க் பெட்டியோடு இணைக்கும் வெவ்வேறு வழிகள். மூன்று கொட்டேஷனும் மேஜையில் கிடக்கும். எதை எதோடு ஒப்பிடுவது என்று யாருக்கும் விளங்காது. கடைசியில் தள்ளுபடி எதில் அதிகமோ அதில் கையெழுத்து விழும்.

சென்னையிலும் பெங்களூரிலும் ஸ்டோரேஜ் சப்போர்ட் வேலை பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்ள பெருமாள்புரத்துக்குத் திரும்பியவள் நான். இப்போது திருநெல்வேலி, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் ஸ்கேன் சென்டர், ஆஸ்பத்திரி, கல்யாண வீடியோ ஸ்டூடியோ என்று இதே வேலைதான். எதையும் விற்பதில்லை, தேர்ந்தெடுத்து, மாட்டிக் கொடுப்பதற்குக் கூலி வாங்குகிறேன். நாலு சர்வரிலிருந்து பத்துப் பன்னிரண்டு சர்வர் வரை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அதற்கு மேல் போனவர்களிடம் இதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள்.

அளந்து பார்க்காமல் போனை எடுக்காதீர்கள்

விற்பவரிடம் பேசும் முன் ஒரு வாரம் உங்கள் சர்வர்களை அளந்து வையுங்கள். லினக்ஸ் என்றால் ஐஓஸ்டாட், விண்டோஸ் என்றால் அதனுடனே வரும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர். இரண்டுக்கும் காசு கிடையாது. வினாடிக்கு எத்தனை ரீட், எத்தனை ரைட், ஒவ்வொன்றும் எத்தனை கிலோபைட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிவினாடி காத்திருக்கிறது: இந்த நாலு எண் போதும். அந்த வாரத்தில் திங்கட்கிழமை கட்டாயம் இருக்க வேண்டும், ஓபி கூட்டம் அன்றைக்குத்தான். ராத்திரி பேக்கப் ஓடும் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பில்லிங், லேப், மருந்துக்கடை எல்லாம் சேர்ந்த டேட்டாபேஸ் உச்ச நேரத்தில் வினாடிக்கு 5,000 தடவை, தடவைக்கு 8 கிலோபைட் கேட்கிறது என்று வையுங்கள். பெருக்கினால் வெறும் 40 மெகாபைட். 1 ஜிகாபிட் கம்பி ஒன்றே நடைமுறையில் வினாடிக்கு 110 மெகாபைட் வரை தரும். அப்படியென்றால் பில் போடும் பெண் "சுத்திக்கிட்டே இருக்கு" என்று புகார் சொல்வது ஏன்? கம்பியின் அகலம் காரணமே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் டிஸ்க் பதில் சொல்ல எடுக்கும் நேரம்தான் காரணம். சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பாதி புகார் போய்விடும்.

வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் கணக்கர், எனக்கு அப்பா வயசு, 64 ஜிகாபிட் என்று போட்ட கொட்டேஷனை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அவுக அறுபத்துநாலு ஜின்னு சொல்லுதாவ. நீ இருபத்தஞ்சுக்கு மேல வேண்டாங்கியே?" 

"அண்ணாச்சி, நீங்க இப்ப உபயோகப்படுத்துறது அரை ஜி கூட இல்ல. அளந்து காமிச்சேன்லா?" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை மறுபடி ஒரு தடவை பார்த்தார். அளந்த தாள் கையில் இருந்தால் இந்த மாதிரிப் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் ஒரு மாதம் இழுக்கும்.

ஸ்கேன் சென்டர் கதை வேறு. சிடி ஃபோல்டர் ஒன்று 500 மெகாபைட் இருந்தால் 1 ஜிகாபிட்டில் திறக்க ஐந்து வினாடி ஆகும். ரேடியாலஜிஸ்ட் ஒருவர் என்றால் பொறுத்துக்கொள்வார், மூன்று பேர் ஒரே நேரத்தில் திறந்தால் சண்டைதான். இங்கே 10 ஜிகாபிட்டுக்கு அர்த்தம் இருக்கிறது. நாளுக்கு 40 ஜிபி சேர்ந்தால் வருஷத்துக்கு 15 டெராபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய படங்களை வேகமான டிஸ்க்கில் வைத்துக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. புதியவை எஸ்எஸ்டியில், ஆறு மாதம் தாண்டியவை சாதா டிஸ்க்கில்.

வீடியோ ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி தேவையே இல்லை. 4கே ப்ரோரெஸ் 422 எச்க்யூ வீடியோ 25 ஃபிரேமில் வினாடிக்குச் சுமார் 737 மெகாபிட். ஒரே ஒரு எடிட்டர் உட்கார்ந்தாலே 1 ஜிகாபிட் கம்பி முக்கால்வாசி நிரம்பிவிடும், இரண்டாமவர் வந்தால் திக்கும். ஆகவே 10 ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று, நல்ல நாஸ் பெட்டி (எல்லோரும் ஃபைலைப் பகிரும் பெட்டி) ஒன்று, முடிந்தது. சான் (ஸ்டோரேஜுக்கென்றே தனி நெட்வொர்க்) விற்க வருபவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

யார் யாரை விழுங்கினார்கள்

இந்தத் துறையின் பழைய சண்டைகள் கொஞ்சம் தெரிந்திருந்தால் விற்பவர் பேச்சில் எது சரக்கு, எது காற்று என்று பிரிக்க வரும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

ஃபைபர் சானல் 1994-இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. ஸ்டோரேஜுக்கென்றே தனிக் கம்பி, தனி ஸ்விட்ச், சர்வருக்குள் தனி கார்டு. எதிர்முனை "இடம் இருக்கிறது" என்று சொன்ன பிறகுதான் இந்த முனை அனுப்பும், அதனால் வழியில் டேட்டா தொலைவது அபூர்வம். ஸ்விட்ச் செய்ய பிரோகேட், மெக்டேட்டா, பிறகு சிஸ்கோ என்று போட்டி இருந்தது. 2007-இல் மெக்டேட்டா பிரோகேட்டுக்குள் போனது. 2017-இல் பிரோகேட்டை பிராட்காம் சுமார் 550 கோடி டாலருக்கு வாங்கியது. கார்டு பக்கம் எமுலெக்ஸ், கியூலாஜிக் என்று இரண்டு பெயர். எமுலெக்ஸை 2015-இல் அவாகோ வாங்கியது; அதே அவாகோ அடுத்த வருஷம் பிராட்காமையே வாங்கி அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டது. கியூலாஜிக் 2016-இல் கேவியமிடம் போய், கேவியம் 2018-இல் மார்வெலிடம் போனது. ஆக இன்றைக்கு ஃபைபர் சானல் என்றால் ஸ்விட்சுக்கு முக்கியமாக இரண்டு கம்பெனி, கார்டுக்கு இரண்டு கம்பெனி, அதில் ஒரே கம்பெனி இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. விலை பேச உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்கசி இதற்கு எதிர்ப்பாட்டு. வீட்டிலும் கடையிலும் இருக்கும் அதே ஈதர்நெட் கம்பியில் டிஸ்க் கட்டளைகளை ஏற்றி அனுப்புவது. ஐபிஎம்மும் சிஸ்கோவும் முன்னின்ற வேலை. 2004-இல் ஆர்எஃப்சி 3720 என்ற இணையத் தரமாக வெளிவந்தது. அதை நம்பி ஈக்குவல்லாஜிக், லெஃப்ட்ஹேண்ட் என்று புதுக் கம்பெனிகள் எழுந்தன. ஈக்குவல்லாஜிக்கை டெல் 140 கோடி டாலருக்கும், லெஃப்ட்ஹேண்டை எச்பி 36 கோடி டாலருக்கும் 2008-இல் தன்னோடு சேர்த்துக்கொண்டன. அந்தப் பெட்டிகள் இரண்டும் இன்று விற்பனையில் இல்லை. ஐஸ்கசி மட்டும் கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும், பெரும்பாலான சர்வர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலும் இருக்கிறது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: கம்பெனி போனாலும் பொதுத் தரம் நின்றது.

நேர்மாறான கதைகளும் உண்டு. இணையம் ஓடும் டிசிபி விதிமுறை எதற்கு, நேராக ஈதர்நெட் மேலேயே டிஸ்க்கை ஓட்டுகிறோம் என்று ஏஓஇ-யைக் கொண்டுவந்தது கோரெய்ட். எளிமை, மலிவு, அழகான யோசனை. ஆனால் பின்னால் நின்றது கிட்டத்தட்ட அந்த ஒரு கம்பெனிதான். 2015-இல் அது மூடியதோடு அந்த வழியில் வளர்ச்சி நின்றது. ஃபிளாஷ் ஸ்டோரேஜ் பெட்டி செய்த டிஎஸ்எஸ்டி இன்னொன்று. அசுர வேகம். இஎம்சி 2014-இல் வாங்கி, 2016-இல் பெட்டியை வெளியிட்டு, இஎம்சியை டெல் வாங்கிய பிறகு 2017-இல் கதையை முடித்துவிட்டார்கள். வெளிவந்து ஒரு வருஷம் ஆனதும் ஆகாததுமாக.

எஃப்சிஓஇ நினைவிருக்கிறதா? ஃபைபர் சானலையே ஈதர்நெட்டில் ஏற்றுவோம், ஒரே கம்பி போதும் என்று சிஸ்கோவும் பிரோகேட்டும் சேர்ந்து முழங்கினார்கள். 2009-இல் தரமும் வந்தது. ஆனால் அதற்குத் தனி வகை ஸ்விட்ச், தனி வகை கார்டு தேவைப்பட்டன. மிச்சமாகும் என்று சொன்ன காசு அங்கேயே போனது. இதற்குள் 10 ஜிகாபிட் மலிவாகி ஐஸ்கசி அதே வேலையைச் சாதாரண ஸ்விட்சில் செய்துவிட்டது. 2019-இல் வந்த ரெட்ஹேட் லினக்ஸ் 8-இல் மென்பொருள் எஃப்சிஓஇ எடுக்கப்பட்டது. இரண்டு பெரிய கம்பெனி கைகோத்து நின்றால் போதும் என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள்.

சர்வர்களை அதிவேகமாக இணைக்கும் இன்ஃபினிபேண்ட் 1999-இல் இரண்டு கோஷ்டிகள் ஒன்றுசேர்ந்ததில் பிறந்தது; இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பாக் எல்லோரும் உள்ளே. 2002-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஒதுங்கிக்கொண்டன. பிடிவாதமாக நின்ற இஸ்ரேல் கம்பெனி மெல்லனாக்ஸ். அதை 2019-இல் 690 கோடி டாலருக்குப் பேசி 2020-இல் கைக்கொண்டது என்விடியா. இப்போது ஏஐ கிளஸ்டர்களால் அதற்கு யோகம். இன்டெல் போட்டிக்குக் கொண்டுவந்த ஓம்னிபாத்தை 2019-இல் நிறுத்தி, பிறகு கார்னெலிஸ் என்ற தனிக் கம்பெனியிடம் விட்டுவிட்டது.

கடைசியாக வந்தது என்விஎம்இ குடும்பம். டிஸ்க்கோடு பேச ஒற்றை வரிசை போதாது, எஸ்எஸ்டிக்கு 65,535 கட்டளை வரிசைகள் வரை வைக்கலாம் என்று 2011-இல் என்விஎம்இ வந்தது. 2016-இல் அதைக் கம்பி வழியாக வெளியே கொண்டுபோகும் தரம் வந்தது. அதே என்விஎம்இ ஃபைபர் சானலிலும் ஓடும், ரோக்கியிலும் ஓடும், இன்ஃபினிபேண்டிலும் ஓடும். 2018 நவம்பரில் சாதாரண டிசிபியிலும் ஓடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். லைட்பிட்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனி அதில் முன்னால் நின்றது. 2019-இல் லினக்ஸ் 5.0 கெர்னலிலேயே உள்ளே வந்துவிட்டது. ஒரே சர்வரைப் பல சர்வராகப் பிரித்து ஓட்டும் விஎம்வேர், 7.0 அப்டேட் 3-இல் சேர்த்தது. ஐஸ்கசிக்கு நியாயமான வாரிசு என்றால் என் கணக்கில் இதுதான்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். மேலே பார்த்தவர்களில் பெரிய ஆட்கள் யாரும் ஒரே குதிரையில் பணம் கட்டவில்லை. பிராட்காமிடம் பிரோகேட் ஃபைபர் சானலும் இருக்கிறது, அதைக் கொல்லப் போவதாகச் சொல்லும் ஈதர்நெட் ஸ்விட்சுகளுக்கான சிப்பும் இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து விஎம்வேரும் அவர்களுடையதே. சிஸ்கோவிடம் எம்டிஎஸ் என்ற ஃபைபர் சானல் ஸ்விட்சும் உண்டு, நெக்ஸஸ் என்ற ஈதர்நெட் ஸ்விட்சும் உண்டு. என்விடியா இன்ஃபினிபேண்டும் விற்கிறது, ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் ஈதர்நெட்டும் விற்கிறது. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அவர்களுக்கு வரவுதான். நாலு சர்வர் வைத்திருக்கும் நாம் மட்டும் ஏன் ஒரு பக்கம் சாய்ந்து சத்தியம் செய்ய வேண்டும்? பாதை மாறினால் பெட்டியையும் கம்பியையும் தூக்கிப் போடாமல் நாமும் மாறிக்கொள்ளும்படி வாங்குவதுதான் வேலை.

ஆக எதை வாங்குவது

புதிதாகப் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது: 25 ஜிகாபிட் ஈதர்நெட் கார்டு, 25 ஜிகாபிட் ஸ்விட்ச் இரண்டு, அதன் மேல் இன்றைக்கு ஐஸ்கசி. பட்ஜெட் இறுக்கம் என்றால் 10 ஜிகாபிட். பெட்டி வாங்கும்போதே அதே கண்ட்ரோலரில் (பெட்டியின் மூளை), அதே போர்ட்டில், கூடுதல் லைசென்ஸ் காசு இல்லாமல் என்விஎம்இ ஓவர் டிசிபி ஓடுமா என்று எழுத்தில் கேளுங்கள். "ரோட்மேப்பில் இருக்கு" என்பது பதில் இல்லை. எந்த ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பில் என்று எண் வேண்டும். சர்வர் பக்கமும் அதே கேள்வி. லினக்ஸ் புதிது என்றால் பிரச்சினை இல்லை. விண்டோஸ் சர்வர் வைத்திருந்தால் அதற்கான டிரைவர் உள்ளேயே வருகிறதா, வெளியில் வாங்க வேண்டுமா என்று பதிப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். நம்ம ஊர் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் முக்கால்வாசி விண்டோஸில்தான் ஓடுகிறது, அதனால் இந்த ஒரு கேள்வியிலேயே பல கொட்டேஷன் கீழே விழும்.

ஃபைபர் சானல் ஏற்கெனவே வைத்திருந்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். அது செத்துவிட்டது என்று நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன். வங்கிகளின் டேட்டா சென்டரில் இன்னும் ஜம்மென்று ஓடுகிறது. புதிதாகப் போடுவதானால்தான் யோசிக்கச் சொல்கிறேன். ஸ்விட்சில் 24 போர்ட் தெரியும், எட்டுக்குத்தான் லைசென்ஸ் இருக்கும்; ஒன்பதாவது சர்வர் வரும்போது பில் வரும். எஸ்எஃப்பியும் (கம்பியை போர்ட்டோடு இணைக்கும் முனை) அவர்கள் சொன்னதைத்தான் செருக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஸோனிங் (எந்த சர்வர் எந்த பெட்டியைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் பிரிப்பது) போடத் தெரிந்த ஆளைத் திருநெல்வேலியில் ஞாயிற்றுக்கிழமை தேடிப் பாருங்கள். ஈதர்நெட் தெரிந்த பையன்கள் கங்கைகொண்டான் ஐடி பார்க்கிலிருந்து களக்காடு வரை கிடைப்பார்கள்.

ரோக்கி பற்றி ஒரு எச்சரிக்கை. அது ஈதர்நெட் வழியாக, சர்வரின் சிபியூவைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நேராக டேட்டாவைத் தள்ளும், வேகம் உண்மைதான். ஆனால் பாக்கெட் தொலையாத நெட்வொர்க்கில்தான் ஒழுங்காக ஓடும். அதற்காக நெரிசல் வந்த போர்ட் "நிறுத்து" என்று பின்னால் சமிக்ஞை அனுப்பும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்து முனையில் ஒரு பஸ் நின்றால் டவுணுக்குப் போக வேண்டிய வண்டி, போக வேண்டாத வண்டி எல்லாம் சேர்ந்து நிற்குமே, அதே நிலைமை ஸ்விட்சுக்குள் வரும். ஒவ்வொரு போர்ட்டிலும் பிஎஃப்சி, இசிஎன் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். ஜிபியூ கிளஸ்டர் கட்டும் காலேஜ் யோசிக்கலாம். பில்லிங் சர்வருக்கு வேண்டாம்.

அல்ட்ரா ஈதர்நெட் என்று ஒரு பெயரும் இப்போது அடிபடுகிறது. ஏஎம்டி, அரிஸ்டா, பிராட்காம், சிஸ்கோ, இன்டெல், மெட்டா, மைக்ரோசாஃப்ட் எல்லாம் சேர்ந்து 2023-இல் தொடங்கிய கூட்டணி. 2025 ஜூனில் முதல் தரத்தை வெளியிட்டார்கள். என்விடியாவின் இன்ஃபினிபேண்டுக்கு எதிரான அணி என்று வைத்துக்கொள்ளலாம். செய்தியாகப் படியுங்கள், கொட்டேஷனில் வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

விஎம்வேரிலிருந்து வெளியேற நினைப்பவர்கள் ஸ்டோரேஜையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பிராட்காம் கைக்குப் போன பிறகு ஒரே தடவை வாங்கும் லைசென்ஸை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றினார்கள், அதனால் இங்கேயும் பலர் அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு நகர்கிறார்கள். அங்கே பல சர்வர் பகிரும் ஐஸ்கசி டிஸ்க்கின் மேல் எல்விஎம் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் லினக்ஸ் முறை) போட்டால் ஸ்னாப்ஷாட் (அந்த நொடி நிலையின் பதிவு) எடுக்கும் வசதி நெடுநாள் கிடையாது. பதிப்பு 9-இல்தான் அதற்கு ஒரு வழி வந்தது, அதுவும் முன்னோட்டமாக. ஸ்னாப்ஷாட் அவசியம் என்றால் அதே பெட்டியில் ஃபைலாகப் பகிரும் என்எஃப்எஸ் எடுத்துப் பாருங்கள். சின்ன இடங்களுக்கு அது தாராளமாகப் போதும்.

பெட்டியை உங்கள் இடத்துக்கே வரவழையுங்கள்

விற்பவரின் பிபிடியில் இருக்கும் எண் அவருடைய லேபில் எடுத்தது. டெமோ பெட்டி கேளுங்கள். ஒரு ஆர்டர் முடியும் தறுவாயில் இருந்தால் கண்டிப்பாக அனுப்புவார்கள். ஓபி இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மாட்டுங்கள்.

முதலில் ஃபியோ என்ற இலவசக் கருவியால் 8 கிலோபைட், 70 சதவீதம் ரீட், 30 சதவீதம் ரைட் என்று கலந்து ஓட்டுங்கள். ஐந்து நிமிஷம் ஓட்டினால் கேஷ் (தற்காலிக நினைவகம்) வேகம்தான் தெரியும். சில மணி நேரம் ஓட விடுங்கள், உண்மை முகம் பிறகுதான் வரும். சராசரியைப் பார்க்காமல் 99-ஆவது சதமானத்தில் எத்தனை மில்லிவினாடி என்று பாருங்கள். பில் கவுண்டரில் திட்டு விழுவது அந்த ஒரு சதவீதத்தால்தான்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். மறுபடி செருகிவிட்டு, ஒரு ஸ்விட்சின் பவரை அணையுங்கள். அப்புறம் ஒரு கண்ட்ரோலரையே வெளியே இழுங்கள். கூட வந்த இன்ஜினியருக்கு முகம் மாறும், பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் எத்தனை வினாடி டேட்டா நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பதில் சொல்லாவிட்டால் லினக்ஸ் வழக்கமாக 30 வினாடியும் விண்டோஸ் 60 வினாடியும் பொறுத்திருக்கும். அதற்குள் மாற்றுப் பாதை திறக்க வேண்டும். நல்ல அமைப்பில் சில வினாடிக்குள் திரும்பிவிடும். அரை நிமிஷத்தை நெருங்கினால் அந்தப் பெட்டியோ, ஒரு பாதை போனால் இன்னொன்றுக்கு மாற்றும் மல்டிபாத் அமைப்போ சரியில்லை. 64 ஜியா 25 ஜியா என்ற வாதத்தைவிட இந்த ஒரு மத்தியானம் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

கம்பி இழுக்கும்போது

ஸ்டோரேஜுக்கு இரண்டு ஸ்விட்ச், இரண்டும் தனித்தனி யூபிஎஸ்ஸில். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரு கம்பி இதற்கு, ஒரு கம்பி அதற்கு, இரண்டுக்கும் வேறு வேறு ஐபி வரிசை. ஐஸ்கசிக்கு இரண்டு கம்பியையும் பாண்டிங் போட்டு ஒன்றாக்காதீர்கள், மல்டிபாத்தான் சரி. சிசிடிவி கேமராவை அதே ஸ்விட்சில் செருகக் கூடாது. சொல்லச் சிரிப்பாக இருக்கும், போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் செருகியிருப்பார்கள்.

ஜம்போ ஃபிரேம் (1500 பைட்டுக்குப் பதில் 9000 பைட் பாக்கெட்) போடுவதானால் சர்வர், ஸ்விட்ச், பெட்டி மூன்றிலும் 9000 இருக்க வேண்டும். துண்டாக்காதே என்ற குறியோடு 8972 பைட் பிங் போய்த் திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் எல்லாவற்றையும் 1500-க்கே கொண்டுவந்துவிடுங்கள், பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ரேக்குக்குள் மூன்று மீட்டருக்குள் என்றால் டிஏசி என்ற செம்புக் கேபிள் போதும், எஸ்எஃப்பிக்கும் ஃபைபருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சர்வர் அறை தரைத்தளத்தில் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இங்கே தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குள்ளும் வந்தது. அந்த வாரம் தண்ணீரில் நின்ற ரேக்குகளுக்கு எந்த மல்டிபாத்தும் உதவவில்லை. மாடியில் வையுங்கள், மொட்டை மாடிக்கு நேர் கீழே வேண்டாம், சித்திரை வெயிலில் ஏசி திணறும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டிடம், இந்தப் பக்கம் ஒரு கட்டிடம் என்று இருப்பவர்கள் இரண்டாவது இடத்துக்குக் காப்பி அனுப்புங்கள். அதற்கும் விலை உயர்ந்த வழியை விற்கப் பார்ப்பார்கள். நொடிக்கு நொடி ஒத்துப்போகும் காப்பிக்குத் தனி ஃபைபர் வேண்டும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றங்களை மட்டும் அனுப்பினால் சாதா லீஸ்டு லைன் போதும். பதினைந்து நிமிஷ பில் போனால் கையால் எழுதிக்கொள்ள முடியுமா என்று கணக்கரிடம் கேளுங்கள். முடியும் என்றுதான் சொல்வார்.

எழுத்தில் வாங்க வேண்டியது

"நெக்ஸ்ட் பிசினஸ் டே" என்பதன் அர்த்தம் சென்னையில் ஒன்று, இங்கே ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் கண்ட்ரோலர் போனால் உதிரி எங்கேயிருந்து கிளம்பும், எப்போது பாளையங்கோட்டை வரும் என்று நாள், மணியோடு கேளுங்கள். மத்தியானம் எழும்பூரில் வந்தே பாரத்தில் ஆள் ஏறினால் ராத்திரி ஜங்ஷனில் இறங்கிவிடலாம், வாகைக்குளத்துக்கு விமானமும் இருக்கிறது. ஆகவே தூரத்தைச் சாக்காகச் சொல்ல விடாதீர்கள். கிட்டங்கி சென்னையிலா, பெங்களூரிலா, அதற்கும் அப்பாலா என்பதுதான் கேள்வி.

எந்தக் கம்பெனி டிஸ்க்கை வேண்டுமானாலும் போடலாமா என்றும் கேளுங்கள். 2025-இல் நாஸ் பெட்டி செய்யும் சைனாலஜி தன் பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தான் அங்கீகரித்த டிஸ்க்தான் என்று கட்டுப்பாடு கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதே வருஷம் தளர்த்தியது. இலவச மென்பொருள் என்றாலும் இதே கவனம் வேண்டும். ஸ்டோரேஜ் மென்பொருளான மினியோ அதே வருஷம் தன் இலவசப் பதிப்பிலிருந்து நிர்வாகத் திரையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டது.

நாலாவது, ஐந்தாவது வருஷ ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தம்) விலையை இன்றைக்கே பிஓவில் (பர்ச்சேஸ் ஆர்டர்) ஏற்றுங்கள். பெட்டியை 60 சதவீதத் தள்ளுபடியில் கொடுத்துவிட்டு நாலாம் வருஷம் ஏஎம்சியில் பிடிப்பது பழைய வழக்கம். ஏஎம்சி முடிந்த பிறகும் ஃபர்ம்வேர் கிடைக்குமா, கம்பெனி கைமாறினால் இந்த ஒப்பந்தம் புதியவரைக் கட்டுப்படுத்துமா என்ற இரண்டு வரியும் வேண்டும். யார் யாரை விழுங்கினார்கள் என்று மேலே இருக்கும் பட்டியலைக் காட்டினால் ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எக்ஸ்சேஞ்ச் என்று பழைய பெட்டியைக் கேட்பார்கள். கொடுக்கும் காசு ஒரு டிஸ்க் விலைக்கு வராது. ஆற்றின் அந்தப் பக்கக் கட்டிடத்தில் காப்பி வைக்க அதுவே போதும், கொடுக்காதீர்கள். புதுப் பெட்டியில் டிஸ்க் கெட்டால் பழசைத் திருப்பித் தராமல் நாமே வைத்துக்கொள்ளும் வசதியையும் சேர்த்துக் கேளுங்கள். அதில் இருப்பது நோயாளிகளின் ரிப்போர்ட், குரியர் பையில் போகக் கூடாது.